இடது முன்னங்கால்

தல்லாகுளம் மாட்டாஸ்பத்திரியில்
நைட் டியூட்டி முடித்து
செல்லூர் வந்து கதவைத் திறந்தால்
டிவிக்குள் தமிழ் பேசிச் சுடுகிறார்கள்.

ஷெரீப் ஏறிவரும் செவலை
இடது முன்னங்காலைத் தாங்கித் தாங்கி வைக்கிறது.
சொன்னேன்.
“நீ கதையைப் பாரு” என்றார் இவர்.

போன வாரம் கொள்ளைக்காரனைச் சுமந்து
குண்டடிபட்டுச் சரிந்ததும் இதேதான்,
நெற்றியில் அதே வெள்ளைச் சுட்டி.
செத்தது எழுந்து
சட்டத்தின் பக்கம் சேர்ந்திருக்கிறது
பழைய கொள்ளுக்கே.

ஆளாளுக்குத் தமிழ்க்குரல் கொடுத்தவர்கள்
கனைப்பை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள்.
எனக்கு அதுதான் விளங்கியது.

வில்லன் விழுந்தான். இவர் கைதட்டினார்.
நான் கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்:
கட்டிப்போட்டுவிட்டுச்
சாராயக்கடைக்குள் போனவன்
ஏழு எபிசோடாக
அதற்கு ஒருவாய்
தண்ணி காட்டவில்லை.