மெய் மட்டும் எழுதுகிற மொழிகள்

இன்னாத்துக்கு அரபி, துபாய் போவப்போறியா?
இன்னாத்துக்கு எபிரேயம், கன்னியாஸ்திரி ஆவப்போறியா?
காசிமேட்டில் ஐஸ் நொறுக்கும் மிஷினுக்கு மேல்
குரலை ஏற்றிக் கேட்பார்கள்.
ரெண்டும் இல்லை என்பேன்.
பின்னே எதற்கு என்று எனக்கே தெரியாது.
கேட்ட பாடம் கிடைக்கவில்லை,
கிடைத்த பாடத்துக்கு ஃபீஸ் குறைவு.
அவ்வளவுதான்.

வலமிருந்து இடம் என்றதும்
வகுப்பில் பாதிப் பேர் தடுமாறினார்கள்.
எனக்கு அது பழகின திசை.
சங்கராவை வாலிலிருந்து தலைக்குச்
சுரண்டினால்தான் செதில் வரும்.

பக்கத்து பெஞ்ச் ஜுலைகா, மண்ணடிக்காரி.
ஐந்து வயதிலிருந்து ஓதுகிறவள்.
பொருள் இப்போதுதான் ஒவ்வொன்றாகத் திறக்கிறது.
சில நாள் பாதி வரியில் பேனாவை வைத்துவிட்டு
"இதுவா அது" என்பாள், யாரிடமும் இல்லாமல்.
நானும் அப்படித்தான்.
குருத்தோலை ஞாயிறுகளில் ராயபுரம் கோயிலைச் சுற்றித்
தொண்டை கட்டும்வரை ஓசன்னா கத்தியவள்,
அதற்குக் காப்பாற்று என்று அர்த்தம் தெரியாமல்,
எதிலிருந்து என்று கேட்கத் தோன்றாத வயதில்.

ரெண்டு மொழிக்கும் ஒரு பழக்கம்.
பெரும்பாலும் மெய்யை மட்டும் எழுதும்.
உயிரை வாசிக்கிறவள் போட்டுக்கொள்ள வேண்டும்.
ஒரு உயிர் மாறினால்
கொன்றான் என்பவன் கொல்லப்பட்டான் ஆகிவிடுவான்.
முதல் செமஸ்டரில்
நிறைய பேரைச் சாகடித்தேன்.

தடைக்காலத்தில், படகெல்லாம் கட்டிக் கிடக்க,
அண்ணன் ஒரு தாளோடு வந்தான்.
வளைகுடாப் படகு. மூன்று வருடம்.
இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் அரபி,
கையெழுத்துக்குக் கீழே காலியிடம்.
தமிழில் எட்டு வரி.
எண்ணிப் பார்த்தேன்,
அரபியில் பதினொன்று.

கரண்ட் இல்லை. போன் வெளிச்சத்தில்
விரல் வைத்து வாசித்தேன்.
பாஸ்போர்ட் படகுக்காரனிடம் இருக்கும்.
வலை போனால் கூலியில் கழியும்.
கடைசி வரியில் ஒரு வினைச்சொல் பிடிபடவில்லை.
ஜுலைகாவுக்குப் போட்டோ அனுப்பினேன்.
நோன்பு திறக்கிற நேரம்.
பேரீச்சம்பழம் வாயில் இருக்க,
குரல் அனுப்பினாள்:
"அவனா விட்டுட்டு வரமுடியாதுன்னு போட்டிருக்குடி."

பெயர் இருக்க வேண்டிய இடத்தில்
ப் ல் வ் ந் த் ர் ன்.
நாங்கள் பிலவேந்திரன் என்போம்.
உயிரை மாற்றிப் போட்டால்
பலவந்தம் என்றுகூட வாய் தொடங்கும்.
எழுத்து இரண்டுக்கும் தலையாட்டும்.
அந்தத் தாளில் அண்ணனின் மெய் இருந்தது.
உயிரைப் போடுகிற வேலை
யாரிடம் போகிறது என்று எழுதவில்லை.

"இன்னாடி எய்திகீது?" என்றாள் அம்மா.
சொன்னேன்.
அவள் அரிவாள்மனையைக் கழுவிக்கொண்டே இருந்தாள்,
கழுவின பிறகும்.
அண்ணன் தாளை நாலாய் மடித்தான்.
கிழிக்கவில்லை.
வட்டிக்காரன் மொழி எங்கள் எல்லோருக்கும்
பரீட்சை எழுதாமலே வரும்.
"தெரிஞ்சு போறது வேற" என்றான்,
தெரியாமல் போனவர்களின் பெயர் ரெண்டைச் சொல்லி.

மறுநாள் பரீட்சை.
ல-ஹ-ம: வேரை விளக்குக.
எபிரேயத்தில் ரொட்டி.
அரபியில் இறைச்சி.
அரபுக் கடலோரத்துச் சில பேச்சுகளில் சுறா.
எந்த ஊர் எதைத் தின்று பிழைக்கிறதோ
அதற்கு அந்த ஊர் வைத்த சொல் என்று எழுதினேன்.
ஒரு நிமிடம் மிச்சம் இருந்தது.
ஓரத்தில், மார்க்குக்கு இல்லாமல்,
காசிமேட்டில் கவலை
என்று எழுதி,
மீன் என்று சேர்ப்பதற்குள்
பேப்பரை வாங்கிக்கொண்டார்கள்.