பதின்மூன்றாம் கோட்டை

பாராமகாலுக்குப் பன்னிரண்டு கோட்டை என்பது கணக்கு.
பதின்மூன்றாவதை நாங்கள் கட்டினோம்,
கிருஷ்ணகிரி பழையபேட்டையில்
என் செல்போன் கடைக்கு மேல்மாடியில்,
மாங்கூழ் டின் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு
அதன் பின்புறத்தில்.

ஞாயிறு மாலை ஆறு மணிக்கு ஆட்டம்.
இருக்கிற இருபது முகப் பகடை ஒன்றுதான்.
அதில் பதினேழு தேய்ந்து
பதினொன்று மாதிரித் தெரியும்.
அதற்காகவே இரண்டு சண்டை நடந்திருக்கிறது.

கோட்டைக்குள் மூன்று படை.
சபதங்களை எழுதியவன் நான்,
கரண்ட் போன ஒரு ராத்திரி, பாதி விளையாட்டாக.

மதகுக்காவலர்:
ஏரியில் தண்ணீர் கிடக்கும் நாளெல்லாம்
ஒருவராவது விழித்திருக்க வேண்டும்.
முனிரத்தினம் அதில் சேர்ந்தான்.
ஸ்கூட்டர் கம்பெனியில் நைட் ஷிப்ட், பழக்கம்தான்.

நிரைமீட்பார்:
களவுபோன மாடு கொட்டிலுக்குத் திரும்பும்வரை
உப்புத் தொடமாட்டார்கள்.
சக்லைன் நிரைமீட்பான்.
கிரானைட் பட்டறையில் பாலிஷ் போடுகிறவன்,
அவனுடைய வீரனின் தாளில்கூட வெள்ளைத் தூள்.
ஆறு வாரமாக மிக்சர் தட்டை அவன் பக்கம் தள்ளினால்
திருப்பித் தள்ளுகிறான்.
ஆட்டத்துக்குள்தானே சபதம் என்றால்
சிரிக்கக்கூட மாட்டான்.

வழித்துணையார்:
கூட வா என்று கேட்டவரோடு போக வேண்டும்.
எல்லைக்கல் தாண்டும்வரை பெயர் கேட்கக் கூடாது.
அது ஆரோக்கியமேரி. எலத்தகிரிக்காரி.
டோல்கேட்டில் வேலை,
நாள் முழுக்க வண்டி நம்பர் தெரியும், ஆள் தெரியாது.

கம்பளி போர்த்திய ஒருவனோடு
அவளும் ஆறு வாரமாக நடந்துகொண்டிருந்தாள்.
அவன் யாரென்று எனக்கு மட்டும் தெரியும்.
ஓணான் கணவாயில் இரண்டு சபதத்தையும்
நேருக்கு நேர் நிறுத்தினேன்.
எனக்குக் கொஞ்சம் கர்வம்தான்.

"விலகு. எங்க நாப்பது மாட்டை ஓட்டுனவன் அவன்."
"அவன் பேர்கூட எனக்குத் தெரியாது."
"நான் சொல்றேன்."
"சொல்லாதே."

பன்னிரண்டுக்கு மேல் விழுந்தால்
அவன் மனசு இளகும், உருட்டு என்றேன்.
மேரி பகடையை டீ டம்ளருக்குள் போட்டுக் கவிழ்த்தாள்.
"எத்தனை விழுந்தாலும் கொடுத்த வாக்கு அதேதானே.
எதுக்கு உருட்டணும்?"

விதி நோட்டைப் புரட்டினேன்.
இதற்கு நான் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

கடைசியில் சக்லைன் டம்ளரை எடுத்து,
தன் வாளுக்காக உருட்டினான்.
பகடை ஓசூர் ரோடு பக்கத்து ஜன்னல்வரை ஓடி நின்றது.
மேலே அந்தத் தேய்ந்த முகம்.
பதினொன்று என்றால் அவள் பிழைப்பாள்.
நான் பதினொன்று என்று சொல்ல வாயெடுத்தேன்.
கீழே ஏதோ லாரி
ரிவர்ஸ் எடுக்கும் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தது.

மேரி குனிந்து பார்த்தாள்.
"பதினேழு" என்றாள்.

தன் தாளை நாலாய் மடித்தாள்.
முனிரத்தினம்தான் கட்டங்களை எண்ணினான்,
அவள் வாள் முன்னால் நின்ற நேரத்தில்
கம்பளிக்காரன் எத்தனை போயிருப்பான் என்று.
மூன்று.
எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் அரைக் கட்டம்.

அந்தக் கரண்ட் போன ராத்திரியில்
இன்னொரு விதியும் எழுதியிருந்தேனாம்.
எனக்கே மறந்துபோனது:
வெட்டியவனே கல் நட வேண்டும்.

அடுத்த ஞாயிறு சக்லைன்
உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்புக் கல்லைக் கொண்டுவந்தான்.
பட்டறையில் வெட்டிப் போட்ட துண்டு,
ஒரு பக்கம் மட்டும் பாலிஷ்.
இந்தப் பக்கத்து வரப்புகளில், புளியமரத்தடியில்
சாய்ந்து நிற்கும் கற்கள்
பெரும்பாலும் ஒன்றையே சொல்லும்,
தொறு மீட்டுப் பட்டான் என்று.
இதில் கோணல் எழுத்தில், றகரத்துக்கு வால் இல்லாமல்,

தொறு கொண்டவனைக் காத்துப்
பட்டாள் கல்.

"பேரு போடலையே?"
"வழித்துணைக்காரிகிட்ட எப்படிக் கேக்கிறது?"

மேரி கல்லைக் கையில் வைத்து எடை பார்த்தாள்.
புதுத் தாளை விரித்து, பறக்காமல் இருக்க
அதன்மேல் வைத்தாள்.
வயது எழுதினாள், ஆயுதம் எழுதினாள்.
எந்தப் படை என்ற இடத்தில் மட்டும்
பேனா மூடியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நான் மிக்சர் தட்டைச் சக்லைன் பக்கம் தள்ளினேன்.
திருப்பித் தள்ளினான்.
மாடு இன்னும் வரவில்லை.