கூரைக்கு ஒரு மூக்கு

பெய்ப்ஸி ஏரிக்கரையில், நவம்பரில்,
எவ்லாம்பி மீன் புகைபோடும் வீட்டுக்கு
என்னை அனுப்பியது காப்பீட்டுக் கம்பெனி.
போன வருஷம் யாரோ மாட்டிய கருவி
கூரையில் இல்லை.
வெங்காயக் கூடைக்கு அடியில் கிடந்தது,
பேட்டரி பிடுங்கப்பட்டு,
கம்பளித் துணியில் மூன்று சுற்று.

"மீனைத் தொங்கவிட்டால் கத்தும்.
திருப்பினால் கத்தும்.
ஞாயிற்றுக்கிழமை சாம்பிராணி போட்டால்
ஆண்டவர் முன்னாலேயே கத்தும்.
கத்த நான் ஒருவன் போதாதா இந்த வீட்டில்?"

தினமும் புலி வருது என்று சொன்னதை
யார்தான் தலைக்கு மேல் வைத்துக்கொள்வார்கள்?
குற்றம் அவர்மேல் இல்லை என்று எழுதிக்கொண்டேன்.

நெருப்பில்லாமல் புகையாது என்பது
இந்த வீட்டில் எதற்கும் உதவாத வாக்கியம்.
இங்கே புகைதான் பிழைப்பு.
திரைச்சீலை, ஜெபப் புத்தகம், அவர் தாடி
எல்லாம் ஆல்டர் மரப் புகையில் ஊறியவை.
எதிர்வீட்டு நாய்
இவர் வருவதை நூறடியிலேயே அறிந்து
நாக்கைத் தொங்கப் போடுகிறது.

ஏணியோடு அறை அறையாக நடந்தேன்.

புகையறையில்
மோப்பம் பிடிக்கும் எதுவும் வேண்டாம்.
சூட்டை எண்ணுவது வேண்டும்.
அதிலும், சூடு சட்டென ஏறினால் அலறும் வகை ஆகாது;
அடுப்புக் கதவைத் திறந்தாலே இங்கே சட்டென ஏறுகிறது.
ஒரே ஓர் எண்ணுக்காக
ஊமையாகக் காத்திருக்கும் வகை.
எந்த எண் என்று அவரையே கேட்டேன்.
"உள்ளே கை வைக்க முடியாமல் போனால்
மீன் கெட்டது."
அந்தக் கையை வெப்பமானியில் தேடிப் பிடித்து
மேலே முப்பது டிகிரி கூட்டினேன்.

பரணில் வெங்காயம், சரம் சரமாய்.
எலி கடித்த ஒயர் ஒன்று
சுவருக்குள் போய் வெளியே வரவில்லை.
அங்கே தீ எடுத்த எடுப்பில் எரியாது,
ராத்திரி முழுக்கக் கனியும்.
ஒளிக்கதிரில் தடித்த புகை இடறினால்
அறிகிற வகை அங்கே.

ஸினோவியாவுக்கு இடக்காது கேட்காது.
வலக்காதைத் தலையணையில் புதைத்துத் தூங்குபவள்.
"அலறட்டும், எனக்கென்ன" என்று சிரித்தாள்.
தலையணைக்கு அடியில் நடுங்கும் தட்டு, ஒன்று,
என்று எழுதிப் பட்டியலை மூடினேன்.

"தலைவலிக்குக் கருவி ஏதும் இல்லையா?"

எப்போது வருகிறது?

"மீன் போடும் ராத்திரிகளில்.
பூனைகூட இப்போது இங்கே படுப்பதில்லை."

ஏணியைக் கீழே வைத்தேன்.
பையின் அடியில் கிடந்த சிறிய மீட்டரை எடுத்துக்
கட்டிலருகே, பலகை இடுக்குக்கு மேலே வைத்தேன்.
கீழே தணலைச் சாம்பல் மூடி
இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.
பதினொன்று.
முப்பது.
அறுபத்தெட்டு.

ஆல்டரையும் பிர்ச்சையும்
இருட்டில் பிரித்துச் சொல்லும் எவ்லாம்பியின் மூக்கு
காற்றை நீள இழுத்துப் பார்த்து
"ஒன்றுமில்லையே" என்றது.

அதுதான், என்றேன்.

சன்னல்களைத் திறந்துவிட்டு
மூவரும் வெளியே பனியில் நின்றோம்.
படிவத்தின் முதல் வரிக்கும் மேலே
இடமில்லாத இடத்தில் நெருக்கி எழுதினேன்:
படுக்கையறை, கட்டில் உயரத்தில்.

"இதற்கும் நடுங்கும் தட்டு உண்டா?"
உண்டு.
"அப்படியானால் இரண்டு போடு" என்றாள் ஸினோவியா.
"அவருக்குக் காது கேட்கும்,
சொன்னால்தான் கேட்கமாட்டார்."