லில்லவன்

நோர்வேயின் தெற்கில்
கருங்கல் குன்றுகளுக்கு நடுவே ஓர் ஏரி.
பெயர் லில்லவன்.
அவர்கள் மொழியில் ‘வன்’ என்றால் நீர்.
குறிலை நெடிலாக்கினால்
நமக்கு அது வானம்.
அந்த ஒரு மாத்திரை இடைவெளியில்தான்
எல்லாம் நடந்தது.

கடலுக்கு அப்பால் யாரோ நிலக்கரி எரித்தார்கள்.
புகை எல்லையில் நின்று அனுமதி கேட்கவில்லை.
கந்தகம் மேகத்தில் ஏறி
ஈரத்தோடு கூடி
அமிலமாய் இறங்கியது,
பனியாய், தூறலாய்,
தேவாலயத்தின் செப்புக் கூரையையும் விடாமல்.
சுண்ணாம்புப் பாறை என்றால்
வாங்கித் தன்னுள் அடக்கியிருக்கும்.
கருங்கல் அசையவில்லை.
வந்ததெல்லாம் வழிந்து ஏரிக்கே போயிற்று.

குன்வோர் ஹெஸ்தாகென் நீர் அளப்பவள்,
நகராட்சிச் சம்பளம்.
படகின் விளிம்பில் குப்பியைச் சாய்த்து
அளவுகோலின் முனையை உள்ளே விட்டாள்.
நான்கு புள்ளி ஏழு.

ஏழு நடுநிலை,
கீழே அமிலம், மேலே காரம்:
பள்ளியில் சுவரில் மாட்டிய வண்ண ஏணி.
அந்த ஏணியில்
ஒரு படி என்பது ஒரு படியல்ல,
பத்து மடங்கு.
ஆறிலிருந்து நான்குக்கு வந்தவன்
இரண்டு படி இறங்கவில்லை,
நூறு மடங்கு புளித்துப்போனான்.

சுற்றுலா வந்தவர்கள் வியந்தார்கள்,
அத்தனை ஆழத்திலும்
கூழாங்கல்லை எண்ணலாம் போலிருக்கிறதே!
எண்ணலாம்.
பூச்சி இல்லை, நத்தை இல்லை.
மண்ணிலிருந்து கரைந்து வந்த அலுமினியம்
ட்ரவுட் குஞ்சுகளின் செவுளில் படிந்து
மூச்சை அடைத்து வருடங்கள் ஆயிற்று.
தெளிந்த நீர் என்று
நாம் ஆசையாய்ச் சொல்வது
சில நேரம் இதைத்தான்.

கொடுப்பது அறம் என்று படித்தவர்கள் நாம்.
வேதியியலில் கதை வேறு.
ஹைட்ரஜன் அயனியைக் கொடுப்பது அமிலம்,
வாங்கிக்கொள்வது காரம்.
கொடுத்துக்கொண்டே இருக்கிற ஒன்று
இரும்பைத் தின்னும்,
சிலையின் மூக்கைத் தின்னும்,
நத்தைக்கு வீடில்லாமல் செய்யும்.
கைநீட்டி வாங்க ஓர் ஆள் வேண்டும்.

(காரம் என்றதும்
உங்கள் நாக்கில் மிளகாய் வந்திருக்கும்.
இது அது இல்லை.
இது கசக்கும்,
விரலிடுக்கில் சோப்புப்போல் வழுக்கும்.
தமிழில் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தவர்கள்
எரிச்சலை நினைத்திருப்பார்கள்.)

ஏப்ரலில் லாரி வந்தது,
சுண்ணாம்புக்கல் மாவு, பதினெட்டு டன்.
அண்ணன் எய்லிஃப் கரையில் நின்று கத்தினான்:
“கண்ணாடி மாதிரி கிடக்கிறது,
அதைப் போய்க் கலக்குகிறாயே!”
அவள் எஞ்சினை முடுக்கினாள்.

ஒரு கண்ணில் வெண்ணெய்,
ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்போமே,
இங்கே இருந்ததே ஒரு கண்.
அதில் சுண்ணாம்பைத்தான் போட்டாள்.
படகு போன வழியெல்லாம் வெளுத்தது.
அன்று மாலை முழு ஏரிக்கும் புரை விழுந்தது.
எய்லிஃப் பேசாமல் காரை எடுத்துக்கொண்டு போனான்.

ஒரு மாதம் கழித்து
ஐந்து புள்ளி ஒன்பது.
புளிப்பும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை;
நீரும் நீரில் கரைந்த கொஞ்சம் உப்பும்,
எப்போதோ மேலேறி உடைந்த குமிழியும்.
அடுத்த குளிர்காலம் வந்தது, பனி உருகியது,
மறுபடி ஐந்து.
மறுபடி லாரி.

மூன்றாம் ஆண்டு ஜூன்.
படகில் அமர்ந்து காப்பி குடித்தவள்
சும்மா அளவுகோலைக் கோப்பையில் விட்டுப் பார்த்தாள்.
ஐந்து.
‘இதில் மீன் வாழாது’ என்றபடி
மிச்சத்தையும் குடித்தாள்.

முழங்கையில் ஏதோ ஊர்ந்தது.
சிறகு இன்னும் காயாத
ஒருநாள் பூச்சி.
அவள் தட்டிவிடவில்லை.
குனிந்து அடியைப் பார்த்தாள்,
கூழாங்கல் ஒன்றும் தெரியவில்லை.

குறிப்பேட்டில் எண்ணுக்குப் பக்கத்தில்
‘கலங்கல்’ என்று எழுதி
அடிக்கோடிட்டாள்.
அதற்குக் கீழே:
வரும் ஏப்ரலுக்கு, இருபது டன்.