சான்றுப் பொருள் எண் மூன்று

ஞாயிறு ராத்திரி ஒன்பதரைக்கு
'கோர்ட்டார் கொட்டகை' போடுவான்.
நம்புதாளை நண்டுக் கம்பெனியில்
பதினோரு பெண்கள் அவித்த நண்டை உடைத்தபடி
காதால்தான் பார்ப்போம்.
சிரிக்க வேண்டிய இடத்தில் மட்டும் தலை நிமிரும்.

நீதிபதியாக வருகிறவனுக்குத் தேங்காய்நார் முடி.
சுத்தியலுக்குப் பதில் மத்து.
அவன் தலை மேசையில் சாய்ந்தால்
டவாலி வந்து ஈ ஓட்டுவான்.
நேற்று ஆடு திருடிய வழக்கு.
சாட்சிக்கு வரவேண்டிய ஆடு
தன் பேத்தியை அனுப்பியிருந்தது.
"ஆடு நேரில் வரட்டும்" என்றார் கோர்ட்டார்.
"அது குழம்பாகிப் பல வருசமாச்சு ஐயா."
"அப்படியானால் குழம்பை ஆஜர்படுத்து."

சிரித்த சிரிப்பில்
பூரணத்துக்கு நண்டோடு விரலில் ஏறிவிட்டது.

நாற்காலியில் கோட்டைராஜும் சிரித்தார்.
டிவி அவருடையது. நண்டு அவருடையது.
கிலோவுக்கு இவ்வளவு என்று தருகிற கூலி அவருடையது.
நாலு வருடத்துக்கு முன், வாடைக்காற்றில் ஒரு விடியலில்,
இரண்டு பாகத் தண்ணீருக்குள் வந்து
என் வலையை அறுத்துக்கொண்டு போன விசைப்படகும்
அவருடையதுதான்.
அங்கே அவர் எதிரி, நான் வாதி.
இங்கே அவர் முதலாளி, நான் நம்புராணி.
விளம்பர நேரத்தில் திரும்பிக் கேட்டார்:
"நாளைக்கு நமக்கு வாய்தா இருக்குல்ல?"
நமக்கு என்றார்.
"ஆமா மொதலாளி. அரைநாள் லீவு வேணும்."
"எடுத்துக்க."

அவர் வரவில்லை.
வயிற்றுவலி என்று அவர் வக்கீல் மனுப் போட்டார்.
ஞாயிற்றுக்கிழமை அப்படிச் சிரித்த வயிறு
திங்கட்கிழமை வலிக்கத்தானே செய்யும்.

திருவாடானை கோர்ட்டு டவாலிக்கு இருமல்.
"நம்பு" என்று தொடங்கி இருமினார்.
தண்ணீர் குடித்துவிட்டு "நம்பு" என்றார். இருமல்.
மூன்றாம் முறையும் "நம்பு" என்று நின்றபோது
பின் பெஞ்சில் ஒரு சாராயக் கேஸ்காரன்
"நம்பித்தானய்யா உக்காந்திருக்கோம்" என்றான்.
கூரை வரைக்கும் சிரிப்பு.
மாற்றலாகி வந்த சின்ன வயசு மாஜிஸ்திரேட்டம்மா
கட்டை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.
கட்டுக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது.
அவர் வீட்டிலும் ஒன்பதரைக்கு டிவி ஓடும்போல.
"அமைதி" என்றார், கொஞ்சம் பொறுத்து.

சாக்கு மூட்டையைக் கொண்டுவந்து அவிழ்த்தார்கள்.
சான்றுப் பொருள் எண் மூன்று.
"உங்கள் வலைதானா, அடையாளம் காட்டுங்கள்."
கையை உள்ளே விட்டேன்.
முடிச்சுகள் என்னுடையவை.
இடது கைக்காரி முடிச்சு இடப்பக்கம் சாயும்,
இருட்டிலும் தெரியும்.
பிறகு ஏதோ வெதுவெதுப்பாகத் தட்டுப்பட்டது.
கண் திறக்காத எலிக்குட்டிகள், ஆறு.
நாலு வருடத்தில் எத்தனையாவது தலைமுறையோ,
எழுத்தர் குறிக்கவில்லை.
டிவி என்றால் இந்த இடத்தில்
சிரிப்பொலி சேர்த்திருப்பார்கள்.
இங்கே மின்விசிறிச் சத்தம் மட்டும்.
"மூடிவையுங்கள்" என்றார் மாஜிஸ்திரேட்டம்மா.
குரல் இறங்கியிருந்தது.
அப்புறம் தேதி சொன்னார்.
கச்சான் காற்று முடிந்து
கொண்டல் அடிக்கிற காலத்தில் ஒரு வியாழன்.

தொண்டி பஸ்ஸில் ஜன்னலோரம்.
வலை எப்போது கிடைக்கும் என்று
அழகுமலை வக்கீலிடம் கேட்கவில்லை.
வேறொன்று கேட்க இருந்தேன், வாய் வரவில்லை.
மூட்டையை மறுபடி கட்டும்போது
மஞ்சள் மிதவை ஒன்று
எப்படியோ என் மடிக்கு வந்துவிட்டது.
என் காசில் வாங்கியது, என் கையால் கோத்தது,
அரசாங்கத்துச் சாக்கிலிருந்து எடுத்தது.
இது திருட்டா இல்லையா?

தெரிந்துகொள்ள
இன்னொரு கேஸ் போடணும்.