எந்த ஊர் மைனர்

பர்கூர் சாலையில், கல் அறுக்கும் பட்டறையின் மாடியில்
எனக்கு ஒரு மேசை. பகலில் அதன்மேல் இன்வாய்ஸ்.
ஏழு மணிக்குமேல்
பெங்களூரிலிருந்து தவணையில் வாங்கிய
இரண்டு தட்டு கண்ட்ரோலர்.

இடது தட்டில் நூற்று எழுபத்து நான்கு.
வலதில் நூற்று எழுபத்தொன்று.
நிமிடத்துக்கு மூன்றே அடி வித்தியாசம், என்ன ஆகிவிடும் என்று
விட்டுப் பாருங்கள்.
பதினோரு விநாடியில் அரை அடி விலகி
இரண்டு டிரம்மும்
ஷூ போட்ட குதிரை படிக்கட்டில் உருளுவதுபோல்.

சுண்டுவிரலால் ஸ்லைடரை நகர்த்துவேன்.
புள்ளி ஒன்று. புள்ளி ஒன்று. கொஞ்சம் பின்னால்.
ஓசூர்ப் பக்கமிருந்து வரும் லாரி
மேம்பாலத்தடியில் சென்னை வண்டிகளோடு சேருமே, அப்படி:
முதலில் வேகம், பிறகு இண்டிகேட்டர்,
கடைசியில்தான் உடம்பு.

வேகம் சேர்ந்தும் சுதி சேராவிட்டால்
ஒரே ஸ்பீக்கருக்குள் இரண்டு பேஸ்
வயிற்றைப் பிசையும்.
அதற்காகக் காலண்டர் அட்டையின் முதுகில்
கடிகாரம்போல் பன்னிரண்டு வீடு வரைந்து ஒட்டியிருக்கிறேன்.
ஆறாம் வீட்டில் ஜி மைனர்.
அங்கிருந்து ஐந்துக்குப் போகலாம், ஏழுக்குப் போகலாம்.
பன்னிரண்டுக்குத் தாவினால் அடிதடி.

இரவு வாட்ச்மேன் மாதப்பன் அதை எழுத்துக்கூட்டிப் படித்தார்.
"ஜி மைனரா? எந்த ஊரு மைனர்?"
"கேட்டா தெரியும்ணே."
"செயின் போட்டிருப்பானா?"

இந்தக் கட்டடத்துக்கு எர்த் சரியில்லை.
பாட்டே போடாதபோதும் ஸ்பீக்கர் ம்ம்ம் என்கும்.
அது கரண்டின் சொந்தக் குரல், விநாடிக்கு ஐம்பது.
ட்யூனரை நீட்டிப் பார்த்தேன்:
ஜி-யைத் தாண்டி, ஜி-ஷார்ப்பை எட்டாமல்,
நடுவழியில் இறக்கிவிட்ட பயணிபோல் நிற்கிறது.
எந்த வீட்டிலும் சேராது.
இரண்டு வருடமாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஆயுத பூசை.
அறுவை இயந்திரத்துக்குச் சந்தனம், பாலிஷ் வீலுக்குப் பொட்டு.
முதலாளி ஒரு மணி நேரம் தந்தார்.
ஜாலூரிலிருந்து வந்தவர்கள், கஞ்சாமிலிருந்து வந்தவர்கள்,
நம் திம்மராஜ், எல்லாமாகப் பத்தொன்பது பேர்.
நூற்று எழுபத்து நான்கில் தொடங்கினேன்.
யாரும் அசையவில்லை.
திம்மராஜ் போனை எடுத்துக்கொண்டு கேட்டுப் பக்கம் போனான்.
"சினிமாப் பாட்டு இல்லியா?"
அப்போது கரண்டும் போனது.

ஜெனரேட்டர் இருமி எழுந்தது.
மறுபடியும் அதே ம்ம்ம்.
ஜி மைனரில் ஒன்றை ஏற்றினேன், நம்பிக்கை இல்லாமல்.
கேன்டீனில் தஸ்லீமா அக்கா
வடைக்கு கிரைண்டரைப் போட்டாள்.

ட்யூப் லைட் துடித்தது. ஜெனரேட்டர் குனிந்தது.
லேப்டாப் பேட்டரியில் ஓடியதால்
பாட்டு இருந்த இடத்திலேயே இருந்தது.
தரைதான் இறங்கி வந்தது,
ஐம்பதிலிருந்து நாற்பத்தொன்பதுக்கு.
சரியாக ஜி-யில் உட்கார்ந்தது.

முற்றத்தில் அடுக்கிய கருங்கல் பலகைகள்
உள்ளங்காலுக்குள் பேசின.
கஞ்சாம் பையன் புலு வேகத்தைப் பாதியாக்கிக்கொண்டான்,
எண்பத்தேழில் தலை ஆட்டினான், பிறகு தோள்.
அவனைப் பார்த்து இன்னொருவன்.
மாதப்பன் டார்ச்சை ஸ்பீக்கர்மேல் அடித்தார்:
"இவன்தானா?"

மூன்று நிமிடம் இருக்கும்.
மாவு அரைந்து முடிந்தது.
கிரைண்டர் நிற்க, ம்ம்ம் பழையபடி மேலே நழுவ,
எல்லார் முகமும் ஏதோ கைநழுவியதுபோல் என் பக்கம் திரும்ப,

ஹெட்போனை ஒரு காதிலிருந்து தள்ளிவிட்டுக் கத்தினேன்:
அக்கா,
இன்னொரு ஈடு உளுந்து போடுங்க.