காதில் மஞ்சள் வில்லை

கிஸில் நகரம். வெளியே மைனஸ் முப்பத்தெட்டு.
ஷொல்பான் டாக்ஸி எஞ்சினை ஓடவிட்டே வந்திருக்கிறான்,
அணைத்தால் வசந்தம் வரை எழாதாம்.
லினோலியத் தரையில் கம்பளி விரித்து
ஏழு பேர் படுத்திருக்கிறோம்,
பெட்டியில் அடுக்கிய தீக்குச்சிகளாய்,
கண்களின் மேல் சால்வை.

சாய்லிக்மா மேளத்தைக் காய்ச்சுகிறாள்,
மின்கணப்பின் முன் திருப்பித் திருப்பி.
ஆட்டுத்தோல் விறைத்துக்கொள்கிறது.
பகலில் வரி அலுவலகத்தில் முத்திரை குத்துகிறவள்.
அதே மணிக்கட்டு.
"இது குதிரை," என்கிறாள்.
"ஏறுவது உங்கள் பாடு."

அடி.
பிறகு அடி, அடி, அடி,
கூடாமல் குறையாமல்,
பக்கத்து வீட்டில் யாரோ
ஒரே ஆணியை அறைந்துகொண்டிருப்பதுபோல.

எனக்கு ஒன்றும் வரவில்லை.
மூக்கு அரித்தது.
முட்டை வாங்க மறந்தது ஞாபகம் வந்தது,
முட்டைக்குப் பின்னால் பல் டாக்டரின் பாக்கி.
யாருடைய வயிறோ உறுமியது.
அதற்கும் ஏதாவது அர்த்தம் இருக்குமோ என்று
கொஞ்ச நேரம் யோசித்தேன்.

எப்போது என்று சொல்லத் தெரியவில்லை,
மேளத்துக்குள் இன்னொரு குரல் முளைத்தது.
அடிக்கும் அடிக்கும் இடையில்
தொலைவில் பெண்கள் பலர் வாய்மூடி முனகுகிற மாதிரி.
சாய்லிக்மா பாடவே இல்லை, பிறகு கேட்டேன்.
என் கைகள் பிசைந்த மாவாய்ப் பொங்கின.
கால்கள் எங்கே முடிகின்றன என்பது
மறந்துபோயிற்று.

மரத்தின் வேர்வழி இறங்குங்கள் என்றிருந்தாள்,
இல்லையென்றால் ஊற்றுக்கண் வழியாக.
எனக்குத் திறந்ததோ
எங்கள் ஐந்தாம் மாடிக் குளியலறையின் சாக்கடைத் துளை.
வெட்கமாகத்தான் இருந்தது.
இறங்கினேன்.
துரு, சோப்பு நுரை, என் தலைமுடிச் சுருள்,
அப்புறம் ஈரமண் வாசம்,
அப்புறம் வழுக்கிக்கொண்டே போகும் ஓர் இருட்டு,
அப்புறம் புல்வெளி.
அப்படியொரு வெளிச்சம்,
சூரியன் மட்டும் எங்கும் இல்லை.

ஓநாய் வருமென்று நின்றேன்.
கழுகானாலும் சரிதான்.
வந்தது ஒரு கிழட்டு யாக்.
காதில் கூட்டுப்பண்ணையின் மஞ்சள் வில்லை,
எண் 417.
வாய்திறந்து எதுவும் சொல்லவில்லை.
என் இடக்கைக் கையுறையைக் கவ்வி
மெல்லத் தொடங்கியது,
நாள் முழுக்க வேறு வேலை இல்லாத மாதிரி.
கம்பளியைத் தாண்டி அதன் மூச்சு சுட்டது.

நான் இடக்கைக்காரி.
நவம்பரில், ஆற்றுப் பனி உடைந்த மறுநாள்,
பெற்றுக்கொண்டேன் என்று ஒப்பமிட்டது இந்தக் கை:
பூட்ஸ் ஒரு ஜோடி, சாவி, நனைந்த கைபேசி.
தம்பியின் பெயரை அவர்கள்
தப்பாக எழுதியிருந்தார்கள்.
நான் திருத்தவில்லை.

மேளம் நின்றது. பிறகு தடதடவென்று
துரத்திக்கொண்டு வந்தது.
திரும்பச் சொல்லும் தாளம்.
யாக் விடுவதாயில்லை.
கையை மட்டும் உருவிக்கொண்டு ஏறினேன்.

அரை மணி ஆயிற்று என்றது கடிகாரம்.
பத்து நிமிடம் என்பேன் நான்.
இரவு முழுக்க என்றார் புவியியல்காரர் வலேரி.
செச்செக் படிக்கட்டு பார்த்தாளாம், முடிவில் பூட்டிய கதவு.
ஒருத்தருக்கு நீலம், வெறும் நீலம்.
தூங்கிவிட்டேன் என்றான் ஷொல்பான்.
மல்லாந்து கிடந்தவனின் காதுகள் இரண்டிலும்
கண்ணீர் தேங்கியிருந்தது.
யாரும் அதைப் பேசவில்லை.

என் முறை வந்தது.
சாக்கடை என்றேன், சிரித்தார்கள்.
யாக் என்றேன், எண்ணையும் சொன்னேன்.
கையுறையைச் சொல்லவில்லை.

உப்பிட்ட பால்தேநீர் குடித்துவிட்டுக் கிளம்பினோம்.
என் கையுறைகள் இரண்டும் கோட்டுப் பையில் பத்திரமாக இருந்தன.
வலக்கைக்கு மட்டும் மாட்டிக்கொண்டு நடந்தேன்.
டாக்ஸியின் ஜன்னலை இறக்கி
ஷொல்பான் கத்தினான்,
விரல் போய்விடும், போட்டுக்கொள், பைத்தியமே.